வாடகை நோட்டிலேயே இருக்கிறது ஆயில் கணக்கு

"மூன்று வருடத்துக்கு முன்பு கடன் வாங்கிப் பழைய டிராக்டர் ஒன்று எடுத்தேன். 45 குதிரைத்திறன். சொந்த நிலம் இரண்டரை ஏக்கர்தான், மற்றதெல்லாம் வெளி உழவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ஆயில் மாற்றுகிறேன். அப்படியும் இந்த வருடம் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை விடுகிறது. எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. எங்கே தவறு நடந்தது? எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?"

- ஒரு வாசகர், காரிமங்கலம் வட்டம்.

தவறாமல் மாற்றியதாக இவர் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் 'ஆறு மாதம்' என்ற கணக்குதான் இவரை ஏமாற்றியிருக்கிறது. டிராக்டருக்கான ஆயில் கணக்கு மாதத்தில் இல்லை, மணியில் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களின் கையேட்டில் புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள். சில மாடல்களுக்கு இது கூடக் குறைய இருக்கும். இத்தனை மணி நேரம் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது என்றுதான் அதில் இருக்கும். அதில் பாதியை மறந்துவிட்டு மீதிப் பாதியை மட்டும் ஊரில் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வருடத்தில் நூறு மணி நேரம்கூட ஓடாத சொந்த உபயோக டிராக்டருக்கு மாதக் கணக்கு சரி. வெளி உழவு வண்டிக்கு அது பொருந்தாது.

ஆடியில் ராகி, நிலக்கடலை உழவு தொடங்கினால், கொள்ளு விதைப்பு முடிகிற ஐப்பசி வரை இந்தப் பக்கத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. ஒரு நாளைக்கு 7 மணி நேரம், மாதத்துக்கு 20 நாள் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 140 மணி, நான்கு மாதத்துக்கு 560 மணி. ஆடிக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை என்று மாற்றினால், இடையில் இரண்டு தடவை மாற்றியிருக்க வேண்டிய ஆயில் மாறாமலே ஓடியிருக்கிறது. மூன்று வருடம் இப்படியே போயிருக்கிறது.

"ஹவர் மீட்டர் ஓடவில்லை, எப்படிக் கணக்கு வைப்பது?" என்பார்கள். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் கேபிள் அறுந்து மீட்டர் நின்றுதான் கிடக்கும். வெளி உழவு செய்பவருக்கு மீட்டர் தேவையே இல்லை. யார் காட்டில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எவ்வளவு வர வேண்டும் என்று பைசா விடாமல் எழுதி வைத்திருக்கும் வாடகை நோட்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது. அந்த மணிகளைக் கூட்டி, சொந்தக் காட்டு உழவையும் காடு விட்டுக் காடு போகும் நேரத்தையும் சேர்த்து, 250 வந்ததும் சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டியதுதான். நோட்டு இல்லாதவர்கள் டீசலை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். இந்தத் திறனுள்ள வண்டி உழவில் மணிக்கு 4 லிட்டர் குடிப்பதாக வைத்தால், 1,000 லிட்டர் டீசல் போட்டு முடித்தபோது 250 மணி ஆகிவிட்டது என்று பொருள். 1,000 லிட்டர் டீசலுக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கிற கை, அதே வேலைக்கு ஏழெட்டு லிட்டர் ஆயில் வாங்க யோசிக்கிறது.

சிலர் ஆயில் குறையும்போதெல்லாம் அரை லிட்டர், ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு, 'ஆயில் போட்டாச்சு' என்பார்கள். ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. எரிந்த கரியைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதற்கும், டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதற்கும் ஆயிலில் மருந்து கலந்திருக்கிறது. அந்த மருந்து தீர்ந்த ஆயிலில் ஒரு லிட்டர் புதிது ஊற்றினாலும் பழையது பழையதுதான். ஃபில்டரும் அப்படியே. கரியால் முழுதும் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பிவிடும். வெளியில் எதுவும் தெரியாது. உள்ளே பேரிங்கும் லைனரும் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆயிலின் நிறத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியை அது பிடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பயப்பட வேண்டிய நிறம் வேறு. டீயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போய், முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தால், டீசல் சம்ப்பில் இறங்குகிறது. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அளவு பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். மேடு பள்ளமான களத்தில் சாய்வாக நின்ற வண்டியில் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். சமமான தரையில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது நல்லது. ஓடிய வண்டி என்றால் நிறுத்திப் பத்து நிமிடமாவது கழிய வேண்டும். கம்பியைத் துணியால் துடைத்து, முழுதும் உள்ளே விட்டு, மறுபடி எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றி வைப்பதும் கெடுதல். கிராங்க் அடித்து நுரை கிளம்பும், ஆயில் ரிங்கைத் தாண்டி ஏறும், நீலப் புகை வரும். இந்த வாசகரின் வண்டியில் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆயில் குடிக்கிறதே என்ற பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர்.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி. எஞ்சினைப் பிரிக்கும் முன்பு அரை மணி நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இரண்டு பக்கக் கிளிப்பையும் தளர்த்தி ஹோஸைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் செம்மண் ஒட்டினால் வியாதி அங்கேதான் இருக்கிறது.

தருமபுரிச் செம்மண் பாறை உதிர்ந்து வந்த மண். அதிலுள்ள மணல் பொடி லைனர் இரும்பைவிடக் கெட்டி. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் உழவு வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. ரொட்டவேட்டர் போட்டுக் காய்ந்த காட்டில் ஓட்டும்போது டிராக்டரே புழுதிக்குள் மறைந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காற்றைத்தான் அது இழுக்கிறது. ஹோஸில் ஒரு வெடிப்பு, கிளிப்பில் ஒரு தளர்வு இருந்தால் போதும், கிளீனரைச் சுற்றிக்கொண்டு புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். லைனரில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். ஆயிலை 250 மணிக்கே மாற்றினாலும் இதற்குப் பதில் ஆகாது.

ஹோஸைப் பார்க்காமல் எஞ்சின் வேலை செய்தால், புது லைனரும் புது ரிங்கும் ஒரே பட்டத்தில் மறுபடி தேயும். போன வருடம்தான் எஞ்சின் வேலை பார்த்தேன், மறுபடி புகை வருகிறது என்று பட்டறையோடு சண்டைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் அந்த ஹோஸைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. ஐந்நூறு ரூபாய்க்கு உள்ளே முடிகிற பொருள் பெரும்பாலும்.

ஏர் கிளீனர் ஆயில் சட்டி வைத்ததாக இருந்தால், புழுதிக் காலத்தில் தினமும் மாலையில் சட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் சேறு கட்டியிருந்தால் ஆயிலைக் கொட்டி, டீசலால் கழுவித் துடைத்து, சட்டியில் உள்ள கோடு வரை ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்து எரிக்கத் தொடங்கும், அது இன்னொரு ஆபத்து. பேப்பர் ஃபில்டர் என்றால் எடுத்து டயரில் தட்டுகிற பழக்கத்தை விட வேண்டும். மடிப்பு நசுங்கி ஓட்டை விழுந்த ஃபில்டரும் ஃபில்டர் இல்லாததும் ஒன்று. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்று அடிக்கலாம். உள்ளே இன்னொரு சிறிய ஃபில்டர் இருக்கும். அதைத் தட்டவோ கழுவவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் புகை நிற்கவில்லையா? எஞ்சின் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்தி, முகத்தை விலக்கி வைத்துப் பார்க்கலாம். புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங் தேய்ந்துதான் இருக்கிறது, மெக்கானிக் சொல்வது சரி. அப்போதும் எல்லாவற்றையும் மாற்றும் முன், எந்த சிலிண்டரில் அழுத்தம் குறைகிறது என்று கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கேஜ் இல்லாத பட்டறையை விட்டுவிட்டு வேறு பட்டறை போகலாம். புகை அவ்வளவாக அடிக்கவில்லை, ஆயில் அளவும் கூடுதலாகத்தான் இருந்தது என்றால், ஆயில், ஃபில்டர், ஹோஸ் மூன்றையும் மாற்றி 50 மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. நாளைக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று அதே வாடகை நோட்டில் எழுதிவந்தால் முடிவெடுப்பது சுலபம். கடன் வாங்கி எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தாலும், பட்டம் முடிந்து செய்யலாமா, இப்போதே செய்ய வேண்டுமா என்பதை அந்தக் கணக்கே சொல்லும். ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் இந்த யோசனைகளுக்கெல்லாம் இடமில்லை. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சால் முடியட்டும் என்று திரும்புவதற்குள் கிராங்க் பிடித்துக்கொண்ட வண்டிகள் உண்டு.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் தரம், உதாரணமாக சிஎச்-4, சிஐ-4 என்று இருந்தால் அது டீசல் எஞ்சினுக்கு. 'எஸ்' என்று மட்டும் இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு. 15டபிள்யூ-40 என்ற பருமன் பல டிராக்டர்களுக்கு ஒத்துவரும். கையேடு சொல்வதே முடிவு. வண்டி கொஞ்ச நேரம் ஓடி ஆயில் சூடாக இருக்கும்போது வடித்தால் அடிக் கசடும் சேர்ந்து இறங்கும். கை சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த தடவை கழற்றும்போது கண்ணீர் வரும்.

தருமபுரி மாவட்டத்தில் வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கருவிப் பராமரிப்புப் பயிற்சி எப்போது நடக்கிறது என்று கேட்டுப் பெயர் கொடுத்து வைக்கலாம்.

"பாலக்கோட்டிலிருந்து பிக்கப் வண்டியில் தக்காளி ஏற்றி சேலம் போகிறோம். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று டிரைவர் நியூட்ரலில் விடுகிறான். சில நேரம் எஞ்சினையே அணைத்துவிடுகிறான். சொன்னால் கேட்பதில்லை. இதனால் வண்டிக்குக் கெடுதலா?"

- ஒரு வாசகர், பாலக்கோடு.

வண்டிக்கு என்பதைவிட, வண்டியில் இருப்பவருக்கும் எதிரில் போகிறவர்களுக்கும் கெடுதல். கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பும் நின்று, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் வண்டியில் வளைவில் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வாகனங்கள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றும் சரி. டீசல் மிச்சம் என்பதும் தவறான கணக்கு. புதிய டீசல் வண்டிகள் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் அனுப்புவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடில் ஓடத்தான் டீசல் செலவாகிறது. இதை அந்த டிரைவரிடம் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் கூடிய பிரேக் ஆயில் இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி விடும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். டிரெய்லர் மாட்டி ரோட்டில் போகும் டிராக்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: காட்டில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வரும் முன் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒற்றைப் பெடலை மிதித்தால் பாரத்தோடு வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும்.

"வடித்த கருப்பு ஆயிலைக் கரையானுக்காக மாங்கன்று அடியில் ஊற்றலாமா? மாட்டுக்கு உண்ணிக்கும் தடவுகிறார்கள்."

- ஒரு வாசகி, அரூர் வட்டம்.

இரண்டும் வேண்டாம். ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்து உண்டான நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளில் இது அபாயகரமான கழிவு. மாடு தன் உடம்பை நக்கும். பால் கறக்கிற மாட்டுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். உண்ணிக்குக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் அளவில் மருந்து போடுவதே முறை. மண்ணில் ஊற்றினால் கன்றின் வேர் மூச்சுவிடும் இடத்தை எண்ணெய் அடைத்துவிடும், கரையானோடு கன்றும் போகும். மிச்சம் மழையோடு கிணற்றுக்கு இறங்கும். நிலத்தடி நீரில் புளோரைடு என்று ஒகேனக்கல் தண்ணீருக்காக எத்தனையோ வருடம் காத்திருந்த மாவட்டம் இது. இருக்கிற கிணற்றிலும் இதைச் சேர்க்க வேண்டாம்.

கரையான் ஏறிய மாங்கன்றுக்கு முதல் வேலை தண்டில் உள்ள மண் கூட்டைச் சுரண்டி எடுப்பது. மக்காத சாணத்தைக் குழியில் போட்டிருந்தால் அதுதான் கரையானை அழைத்துவருகிறது. நன்கு மக்கிய எருவும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, குழி முற்றிலும் காய்ந்துவிடாமல் தண்ணீர் விட வேண்டும். வளர்ந்த மரத்தின் அடித்தண்டில் போர்டோ பசை பூசலாம்.

வடித்த ஆயிலை மூடி உள்ள பழைய கேனில் ஊற்றி வைத்து, தண்ணீரோ பிரேக் ஆயிலோ கலக்காமல், அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது கொடுத்துவிடலாம். மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப்போகிறவர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். கேனின் மேல் பெரிய எழுத்தில் 'வேஸ்ட் ஆயில்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மருந்து தெளிக்கிற டப்பாவில் ஊற்றி வைக்கக் கூடாது.